திறந்தது எந்தப் பூட்டு

அரிசி டிரம்மின் மூடியைத் திறந்து முழங்கை வரை உள்ளே விட்டுத் துழாவினாள் கீர்த்தனா. பிளாஸ்டிக் பை விரலில் தட்டுப்பட்டது. பாஸ்போர்ட் இரண்டும் அப்படியே இருந்தன. ஒன்று அவளுடையது, இன்னொன்று நான்கு வயது மகள் மகிழினியுடையது.

அப்படியும் பையைப் பிரித்து இன்னொரு முறை எண்ணிப் பார்த்தாள்.

விடிந்ததும் போனில் பார்த்த செய்தி அப்படி. அவள் புருஷன் முகேஷ்குமார் அனுப்பியிருந்தான்.

'அரிசிக்குள்ள வைக்காத கீர்த்தி. வண்டு அரிச்சிரும்.'

அவ்வளவுதான். மேலே ஒரு வார்த்தை இல்லை.

இரண்டு மாதத்துக்கு முன்னால், ஊரைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று புருஷனிடம் சொல்லிவிட்டு அமெரிக்காவிலிருந்து மகளோடு சித்தையன்கோட்டைக்கு வந்தவள், இனி அங்கே போவதில்லை என்று சொல்லிவிட்டாள். ஏன் என்று கேட்டவர்களிடம் இடது மணிக்கட்டைக் காட்டினாள். முறிந்து கூடிய எலும்பு கொஞ்சம் கோணலாக நின்றது. அம்மா அழகம்மாள் அதைத் தடவிப் பார்த்து அழுதாள். அப்பா கண்ணுசாமி தென்னைக்குத் தண்ணீர் பாய்ச்சக் கிளம்பிப் போனார். திண்டுக்கல் வக்கீலம்மாதான் ஒரே பிடியாகச் சொன்னார்: "கேஸ் போடுற வரைக்கும் பாஸ்போர்ட்டை விட்றாதீங்க. குழந்தையோடது ரொம்ப முக்கியம்."

பீரோவில் இருந்தால் கண்ணில் படும் என்று முந்தாநாள் சாயங்காலம்தான் அரிசி டிரம்முக்கு மாற்றினாள். அப்போது அடுக்களையில் இருந்தது வினிதா ஒருத்திதான். அரிசிக்குள்ள வைக்கிறேன் என்று அவளிடம் மட்டும்தான் வாய்விட்டுச் சொன்னாள்.

வினிதா, அண்ணன் அருண்பாண்டியின் மனைவி. முகேஷ்குமாரின் கூடப்பிறந்த தங்கை. பெண் கொடுத்துப் பெண் எடுத்த குடும்பம் அது. கீர்த்தனாவுக்கு வினிதா மதினி. வினிதாவுக்கும் கீர்த்தனா மதினி.

"இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றாள் அழகம்மாள். மகளின் போனில் இருந்த செய்தியைப் படிக்கச் சொல்லிக் கேட்டதிலிருந்து அவள் உட்காரவே இல்லை. "ஏத்தா வினிதா, இங்க வா."

வினிதா வெஞ்சனத்துக்கு அரிந்துகொண்டிருந்த கத்தரிக்காயை அப்படியே வைத்துவிட்டு வந்தாள்.

"நேத்து உங்க அண்ணன்கிட்டப் பேசுனியா?"

"இல்லத்த."

"பேசாமத்தான் அரிசி டிரம்மு அமெரிக்காவுக்குத் தெரிஞ்சிருச்சா?"

வினிதா கீர்த்தனாவைப் பார்த்தாள். "மதினி, நான் யாருட்டயும் சொல்லல. எங்கம்மாட்டக்கூடச் சொல்லல."

நம்புகிறேன் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. ஆனால் கீர்த்தனாவால் சொல்ல முடியவில்லை. போன வாரம் மகிழினிக்குக் காய்ச்சல் என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது. வக்கீலைப் பார்த்ததும் தெரிந்திருந்தது. இந்த வீட்டுச் சுவருக்குள் பேசுவதெல்லாம் அவனுக்குப் போகிறது. போவதற்கு ஒரு வாய் வேண்டும்.

"என்ன இருந்தாலும் கூடப்பிறந்தவன்தான பெருசு" என்றாள் அழகம்மாள்.

வினிதா திரும்பி அறைக்குள் போனாள். சற்று நேரத்தில் பையில் சேலைகளைத் திணிக்கும் சத்தம் கேட்டது.

"அவரு கேரளாவுல லோடு எறக்கிட்டு நாளைக்கு வந்துருவாரு. வந்ததும் சொல்லிட்டு அய்யலூருக்குப் போறேன்" என்று உள்ளிருந்தே சொன்னாள். அய்யலூர் அவள் பிறந்த வீடு. முகேஷ்குமாரும் பிறந்த வீடு.

கண்ணுசாமி வாசல்படியில் உட்கார்ந்து பேத்திக்குச் செருப்பு மாட்டிவிட்டுக்கொண்டிருந்தார். இத்தனைக்கும் அவர் தலையைத் தூக்கவில்லை.

கீர்த்தனா மேசை மேல் கிடந்த ஐபோனை எடுத்தாள். சும்மா கிடந்த போன் வெயிலில் வைத்தது மாதிரி சுட்டது. இந்த ஊருக்கு வந்ததிலிருந்து இப்படித்தான் சுடுகிறது.

"நான் திண்டுக்கல் வரைக்கும் போயிட்டு வாரேன்ப்பா. போனை ஒருக்காக் காட்டணும். பாப்பாவப் பாத்துக்கங்க."

"போனுக்கு என்னத்தா?" கண்ணுசாமி சட்டென்று நிமிர்ந்தார். "அது நல்லாத்தான இருக்கு?"

அவள் போனைக் கைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

*

திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது இசைவாணியின் செல்போன் சர்வீஸ் கடை. பாலிடெக்னிக்கில் கீர்த்தனாவோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவள்.

"இங்க வந்து சேந்து ரெண்டு மாசம், இப்பத்தான் வழி தெரிஞ்சுதாக்கும்" என்று சிரித்தவள், தோழியின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினாள். "என்னடி?"

கீர்த்தனா எல்லாவற்றையும் சொன்னாள். அரிசி டிரம் வரை சொன்னாள்.

"எல்லாத்துக்கும் இந்தப் போன்தானா? கால் பேச?"

"கால் பேச இந்தப் பட்டன் போன்தான். இதுல நம்மூரு சிம் எடுக்க மாட்டேங்குது. வீட்டு வைஃபைலதான் ஓட்டுறேன். கிளம்புறதுக்கு முன்னால அவருதான் ரெண்டு நாள் வாங்கி வச்சு, அன்லாக் பண்ணிட்டேன், இந்தியாவுல எந்த சிம்மும் போடலாம்னு கொடுத்தாரு. எடுக்கலயேன்னு கேட்டா, போகப் போகச் சரியாயிடும்னாரு."

இசைவாணி தன் சிம்மைப் போட்டுப் பார்த்தாள். ஏற்கவில்லை. செட்டிங்ஸைத் திறந்து, போனைப் பற்றிய விவரங்களில் கீழே இருந்த ஒரு வரியைக் காட்டினாள். சிம் பூட்டப்பட்டிருக்கிறது என்று ஆங்கிலத்தில் இருந்தது.

"அன்லாக் ஆகவே இல்லடி. போன் வாங்குன கம்பெனியோட பூட்டு அப்படியே இருக்கு."

"அப்ப ரெண்டு நாள் வச்சு என்ன பண்ணினாரு?"

இசைவாணி போனைக் கம்ப்யூட்டரோடு இணைத்தாள். திரையில் வரிகள் ஓடின. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு விரலை உதட்டின் மேல் வைத்து, பேசாதே என்று சைகை காட்டினாள். ஒயரைப் பிடுங்கி, போனைப் பின்னறைக்குக் கொண்டுபோய், பழைய தலையணைக்கு அடியில் வைத்துக் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

கீர்த்தனா பின்னறைக் கதவையே பார்த்தாள்.

"இனிப் பேசு" என்றாள் இசைவாணி. குரல் தணிந்திருந்தது. "அது கேட்டுக்கிட்டு இருக்கு."

"எது?"

"உன் போன்தான். ஜெயில்பிரேக் பண்ணியிருக்கு."

"அதத்தான அன்லாக்குனு சொன்னாரு?"

"ரெண்டும் ஒண்ணுன்னுதான் நெறையப் பேரு நெனைக்கிறாக. அன்லாக்னா எந்த சிம் போட்டாலும் எடுக்கும், அம்புட்டுத்தான். போனுக்குள்ள ஒண்ணும் மாறாது. அந்தப் பூட்டையும் போன் கொடுத்த கம்பெனிக்காரன்தான் எடுத்து விடணும். ஜெயில்பிரேக்குக்கும் சிம்முக்கும் சம்பந்தமே இல்ல. போனுக்குள்ள கம்பெனி வச்சிருக்க காவல் இருக்கு பாரு, கண்ட ஆப்பும் உள்ள வரக்கூடாது, வந்தாலும் அதது அதது எடத்துலதான் இருக்கணும்னு, அந்தக் காவலை உடைக்கிறது. ஆசைக்குத் தன் போனைத் தானே உடைச்சுக்கிறவங்க இருக்காங்க. நானே பண்ணிருக்கேன். ஆனா உனக்குத் தெரியாம உன் போனை உடைச்சா, என்ன வேணா உள்ள விடலாம். விட்டதை மறைச்சும் வைக்கலாம்."

"என்ன விட்டிருக்காரு?"

"பேரு இல்லாத ஒண்ணு ஓடுது. மைக்கைத் தொறக்குது. நீ இருக்குற எடத்தை எழுதிக்கிது. நீ டைப் அடிக்கிறதையும் எடுக்குது. அதான் அம்புட்டுச் சூடு. நெட்டு கெடைக்கிறப்ப எல்லாத்தையும் அனுப்பி வச்சிரும்."

கீர்த்தனா ஸ்டூலில் உட்கார்ந்தாள். இந்த இரண்டு மாதத்தில் அந்தப் போனை வைத்துக்கொண்டு என்னென்ன பேசினோம் என்று நினைத்துப் பார்க்கப் பயமாக இருந்தது. அம்மா மடியில் படுத்து அழுதது. வக்கீலம்மாவிடம் சொன்னது. ராத்திரியில் மகிழினி, 'அப்பா இங்க வருவாராம்மா?' என்று கேட்டதும், வர மாட்டார் என்று இவள் சொன்னதும்.

ஆனால் பயத்துக்கு நடுவே ஓர் ஆறுதலும் இருந்தது. வினிதா இல்லை. வீட்டு மனிதர்கள் யாரும் இல்லை. போன்தான்.

"இந்தப் பூட்டுப் படம் போட்டது என்னன்னு தெரியுமா?" இசைவாணி தன் செல்போனில் எடுத்து வைத்திருந்த படத்தைக் காட்டினாள். கீர்த்தனாவின் போனில் ஒரு மூலையில் 'சிம் அன்லாக்' என்ற பெயரோடு இருந்த ஆப்.

"முதல்லருந்தே இருக்கு. நான் தொட்டதில்ல."

"பேர மாத்தி வச்சிருக்கான். ஜெயில்பிரேக்கை உசுப்பி விடுறது இதுதான்." இசைவாணி கொஞ்சம் தயங்கினாள். "கீர்த்தி, இந்தப் போன் கடைசியா எப்ப அணைஞ்சுச்சு?"

"போன வாரம் மழையில கரண்டு போய் ரெண்டு நாள் வரல. சார்ஜ் தீந்து செத்துக் கெடந்துச்சு."

"அணைச்சு மறுபடி ஆன் பண்ணினா இந்த ஜெயில்பிரேக் நிக்காது. போன் தானா பழையபடி ஆயிரும். மறுபடி இந்த ஆப்பைத் தொறந்து அமுக்கினாத்தான் உசுரு வரும்."

"அங்கருந்தே அமுக்க முடியாதா?"

"முடியாதுடி. போனைக் கையில வச்சிருக்கணும். பாஸ்வேர்டும் தெரியணும். கரண்டு வந்ததுக்கப்புறம் உங்க வீட்டுல யாரோ அமுக்கியிருக்காங்க."

பாஸ்வேர்ட் மகிழினி பிறந்த தேதி. பிள்ளைக்குக் கார்ட்டூன் போட்டுக் கொடுக்க வீட்டில் எல்லாருக்கும் அது தெரியும்.

கொஞ்ச நேரம் முன்பு கிடைத்த ஆறுதல் இருந்த இடம் தெரியாமல் போனது.

இசைவாணி போனை அணைத்துக் கொடுத்தாள். "எதையும் அழிக்காத. இதான் சாட்சி. வக்கீலோட போய் சைபர் கிரைம்ல கொடு. அதுவரைக்கும் ஆன் பண்ணாத."

*

செம்பட்டி பேருந்தில் கீர்த்தனாவுக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது.

பட்டன் போனில் வினிதாவைக் கூப்பிட்டாள். மணி அடித்து ஓய்ந்தது. திரும்பக் கூப்பிட்டாள். எடுக்கவில்லை.

அப்பாவைக் கூப்பிட்டாள். வேறொரு அழைப்பில் இருப்பதாகக் குரல் வந்தது. மறுபடியும் அதே குரல். யாரோடு இவ்வளவு நேரம் பேசுகிறார்? தேங்காய் யாவாரியோடு பேசினால்கூட இரண்டு வார்த்தையில் வைத்துவிடுகிற மனிதர்.

மூட்டை கட்டிய பையும் வினிதாவும் மகிழினியும் அவள் கண்ணுக்குள் மாறி மாறி வந்தார்கள். வினிதா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அய்யலூர் பஸ் ஏறியிருந்தால்? அத்தை கூப்பிட்டால் மகிழினி கேள்வி கேட்காமல் போவாள். பாஸ்போர்ட் எங்கே இருக்கிறது என்றும் வினிதாவுக்குத் தெரியும்.

செம்பட்டியில் இறங்கி ஷேர் ஆட்டோவில் ஏறினாள். ஆள் சேரட்டும் என்று நின்ற டிரைவரிடம், "எல்லாருக்கும் சேத்து நானே கொடுக்குறேன், எடுங்கண்ணே" என்றாள். அவர் உடனே கிளப்பினார்.

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு உள்ளே ஓடினாள். முன்கட்டில் யாரும் இல்லை. வினிதாவின் பை கதவோரம் இருந்தது. அடுக்களையில் பாதி அரிந்த கத்தரிக்காய் கறுத்துப்போய்க் கிடந்தது.

"மகிழீ!"

பதில் இல்லை.

"மகிழீ!"

கொல்லைப்புறத்திலிருந்து தண்ணீர் சத்தம் கேட்டது. தொட்டியடியில் மகிழினியை நிறுத்திக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள் வினிதா. பிள்ளை தலை முழுக்கச் சோப்பு நுரை. இருவர் கண்ணும் சிவந்திருந்தன. ஒருத்திக்குச் சோப்பினால்.

கீர்த்தனா பிள்ளையை ஈரத்தோடு வாரி அணைத்துக்கொண்டாள்.

"என்ன மதினி? என்ன ஆச்சு?" என்றாள் வினிதா.

கீர்த்தனா அவளை நேராகப் பார்த்துக் கேட்டாள். "என் போன்ல பூட்டுப் படம் போட்ட ஒண்ணை நீங்க அமுக்குனீங்களா?"

"உங்க போனை நான் தொட்டதே இல்ல மதினி."

"நாந்தாந்தா அமுக்குனேன்."

குரல் பின்னாலிருந்து வந்தது. கண்ணுசாமி கொல்லைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்குப் பின்னால் அழகம்மாள்.

"மாப்ள சொன்னாரு" என்றார். "உன் போனுக்கு அங்குள்ள கம்பெனிக்காரன் பூட்டுப் போட்ருக்கானாம். பூட்டுப் படத்த அமுக்கினா அது கொஞ்சங் கொஞ்சமா எறங்குமாம். அதுக்கப்புறம் நம்மூரு சிம்மு எடுக்குமாம். போன் அணைஞ்சு எரிஞ்சா திருப்பி அமுக்கணும்னாரு. நீ ரெண்டு போனத் தூக்கிக்கிட்டு அல்லாடுறியேன்னு..." அவர் கதவை இறுகப் பிடித்தார். "ஒரு நா சிம்மு எடுத்துரும், நீ சந்தோசப்படுவன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்."

"ஏன்ப்பா எங்கிட்டச் சொல்லல?"

"அவரு பண்ணச் சொன்னாருன்னு தெரிஞ்சா நீ வேணாம்னுருவியாம். எடுத்தப்புறம் சொல்லுங்கன்னாரு. தெனம் பேசுவாருத்தா. தப்புப் பண்ணிட்டேன் மாமான்னு அழுவாரு. உங்க ரெண்டு பேருக்கும் அறுந்துபோச்சுன்னா அருணுக்கும் வினிதாவுக்கும் என்ன ஆகும்னு எனக்கு ஈரக்கொலை நடுங்கும். ஒட்டிக்கிட்டா நல்லதுன்னு நெனச்சேன்."

"அது சிம்மு பூட்டு இல்லப்பா. அது அப்படியேதான் இருக்கு. நீங்க ஒவ்வொரு தடவை அமுக்குறப்பவும் அவரு இந்த வீட்டுக்குள்ள வந்து உக்காந்துக்குவாரு. நாம பேசுறது எல்லாம் அவருக்குக் கேக்கும்."

கண்ணுசாமிக்கு அது புரியச் சற்று நேரம் ஆனது. புரிந்தபோது கதவுப் பிடியிலிருந்து கை நழுவியது.

"பாவி மனுசா!" என்று தலையில் அடித்துக்கொண்டாள் அழகம்மாள். பிறகு வினிதாவைப் பார்த்தாள். தன் முந்தானையால் அவள் ஈரக்கையைப் பிடித்துத் துடைத்துவிட்டாள். வினிதா கையை இழுத்துக்கொள்ளவில்லை. ஆனால் அத்தையின் முகத்தையும் பார்க்கவில்லை.

"இப்ப அவரோடதான் பேசிக்கிட்டு இருந்தீங்களாப்பா? போன் கெடைக்கவே இல்ல."

"ஆமாந்தா. காலையிலருந்து ஒண்ணுமே வரலயே மாமா, அமுக்குனீங்களான்னு கேட்டாரு. கீர்த்தனா போனத் திண்டுக்கல்லுல காட்டக் கொண்டு போயிருக்குன்னேன். அப்புறமா..." அவர் நிறுத்தினார்.

"அப்புறம் என்ன சொன்னாரு?"

"நானே நேர்ல வந்து சரி பண்ணித் தாரேன் மாமான்னாரு."

"அமெரிக்காவுலருந்தா?"

கண்ணுசாமி தரையைப் பார்த்தார். "முந்தாநா மெட்ராஸ்ல எறங்கிட்டாரு. சொல்ல வேணாம்னாரு. நேத்து ராவே மதுரைக்கு வந்துட்டாராம்."

யாரும் அசையவில்லை. மகிழினி மட்டும் குளிரில் நடுங்கிக்கொண்டு, "அம்மா, துண்டு" என்றாள்.

முதலில் அசைந்தது வினிதாதான். கொல்லைக் கதவை இழுத்துத் தாழ்ப்பாள் போட்டாள். முன்கதவுக்கு ஓடினாள். அடுக்களை ஜன்னலைச் சாத்தினாள்.

"மதினி, பாப்பாவக் கூட்டிக்கிட்டு உள்ரூமுக்குப் போங்க. எங்க அண்ணனை எனக்குத் தெரியும். சிரிச்சுக்கிட்டே வரும். அது அழுகுறதயும் நம்பாதீங்க, சிரிக்கிறதயும் நம்பாதீங்க."

கீர்த்தனா பட்டன் போனில் போலீஸை அழைத்தாள். ஒரு பெண் குரல் விவரம் கேட்டுக்கொண்டது. செம்பட்டியிலிருந்து வண்டி வரும், அதுவரை கதவைத் திறக்காமல் உள்ளேயே இருங்கள் என்றது.

வைத்த மறு நிமிடம் வினிதாவின் செல்போன் ஒலித்தது.

திரையில் 'அண்ணன்' என்று இருந்தது.

வினிதா கீர்த்தனாவைப் பார்த்தாள். எடுத்து, ஸ்பீக்கரை அழுத்தினாள்.

"வினிதா, நல்லா இருக்கியாம்மா?" முகேஷ்குமாரின் குரல் மிருதுவாக இருந்தது. "மதினி திண்டுக்கல்லருந்து வந்துட்டாளா?"

"இல்லண்ணே." வினிதா முன்கதவைப் பார்த்தாள். "வரல. பாப்பாவயும் கூட்டிக்கிட்டுத்தான் போனாக. அங்கருந்து கோயம்புத்தூருக்குப் போறோம்னு அத்தைக்குப் போன் வந்துச்சு."

பிறந்ததிலிருந்து அண்ணனிடம் அவள் சொன்ன முதல் பொய் அது.

மறுபக்கம் ஒரு கார் கதவு திறந்து சாத்தப்பட்டது. அந்தச் சத்தம் போனிலும் கேட்டது. வெளியே தெருவிலும் கேட்டது.

"அப்படியா?" என்றான் அவன். "அப்ப வாசல்ல ஒண்ணு அங்கிட்டும் ஒண்ணு இங்கிட்டுமாக் கெடக்குதே, அந்தச் செருப்பு யாரோடது?"

கீர்த்தனா மகளின் வாயைக் கையால் பொத்தினாள்.

"மாமா" என்றான் முகேஷ்குமார், இப்போது போனில் இல்லை, கதவுக்கு அந்தப் பக்கம் நின்று. "நான்தான் வந்துருக்கேன். கதவைத் தொறங்க மாமா."

கண்ணுசாமி தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். முன்கதவை நோக்கி நடந்தார்.

"அப்பா, வேணாம்ப்பா" என்றாள் கீர்த்தனா, அடிக்குரலில்.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. தாழ்ப்பாளை நீக்கி, ஆள் நுழையும் அளவுக்கு மட்டும் கதவைத் திறந்து, வெளியே போய், தனக்குப் பின்னால் இழுத்துச் சாத்திக்கொண்டார். வினிதா பாய்ந்து போய் மறுபடி தாழ்ப்பாளைப் போட்டு, கதவில் முதுகைக் கொடுத்து நின்றாள்.

வெளியே இரண்டு ஆண்குரல்கள். ஒன்று அழுதது. அது யாருடையது என்று உள்ளே இருந்த மூன்று பெண்களுக்கும் தெரியவில்லை.

"மாமா என்ன சொல்லப் போறாரு மதினி?" என்று கிசுகிசுத்தாள் வினிதா.

இருபத்தெட்டு வருஷம் அப்பா என்று கூப்பிட்ட மனிதர் அந்தக் கதவுக்கு வெளியே யாருக்காக நிற்கிறார் என்று கீர்த்தனாவுக்குத் தெரியவில்லை.